உதவி நாய்கள்: பார்ட்டியிலும் மளிகைக் கடையிலும் என்னை மடக்கிக் கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது கலிஃபோர்னியாவில். ஆறு வருடமாக ஒரு தொண்டு அமைப்புக்காக, உதவி நாய்களாகப் பழக்கப்போகும் லேப்ரடார் குட்டிகளை வாங்கி, வளர்த்து, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது காலடியில் படுத்துக் குறட்டை விடுவது மூன்றாவது குட்டி. எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார், மதுரைக்காரர், கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுப் பன்னிரண்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவரிடம் ஒரு உதவி நாய் (சர்வீஸ் டாக்) உண்டு. நாங்கள் இருவரும் எங்கே போனாலும் நம் ஆட்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அமெரிக்கச் சட்டம்.

சர்வீஸ் டாக்னா கண்ணு தெரியாதவங்களுக்கு வழி காட்டுற நாய்தானே?

அது ஒரு வகை. அதுதான் மூத்தது, அதனால் எல்லோருக்கும் தெரிந்ததும் அதுதான். முதல் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் 1916-ல் ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 'சீயிங் ஐ' என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி 1929-ல் வந்தது. காது கேளாதவருக்கு அழைப்பு மணியையும் குழந்தை அழுவதையும் வந்து சொல்லும் நாய்கள் இன்னொரு வகை.

கை கால் இயக்கம் இல்லாதவர்களுக்கு நாய் உதவும் என்ற யோசனை ரொம்பப் பிந்தித்தான் வந்தது. 1975-ல் கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் பானி பெர்ஜின் என்ற ஆசிரியை 'கேனைன் கம்பானியன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். ஆசிய நாடுகளில் இருந்தபோது, ஊனமுற்றவர்கள் கழுதைமேல் சாய்ந்துகொண்டு தெருவில் சாமான் விற்று நடமாடுவதைப் பார்த்திருக்கிறார், அதிலிருந்துதான் இந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். முதல் நாயின் பெயர் அப்துல். இந்தப் பக்கம் முழுக்க அப்துலின் வகையறாவைப் பற்றித்தான்.

அப்படி என்னதான் செய்யும்?

பெரிய சாகசம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கும். ஃபிரிட்ஜ், இழுப்பறை, அலமாரிக் கதவுகளில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறக்கும், மூக்கால் தள்ளி மூடும். விளக்கு ஸ்விட்சைத் தட்டும். கடை வாசலில் தானியங்கிக் கதவுக்கு ஒரு பொத்தான் இருக்குமே, அதில் முன்னங்காலை வைத்து அழுத்தும். சாக்ஸ், ஸ்வெட்டர் கையை இழுத்துக் கழற்றும். கல்லாவில் இருப்பவரிடம் கிரெடிட் கார்டை வாயில் வைத்து நீட்டும். சொன்னால் குரைத்து அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடும்.

"இவ்வளவுதானா" என்று முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நண்பர் சொல்லும் கதை ஒன்று. நாய் வருவதற்கு முன் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குப் போன் கை தவறி விழுந்து சோஃபாவுக்கு அடியில் போய்விட்டது. மனைவி வேலைக்குப் போயாகிவிட்டது. மதியம் இரண்டரைக்குப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை அந்தப் போன் அங்கேயே அடித்து அடித்து நின்றது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய் வந்த பிறகும் தினம் பத்துத் தடவையாவது ஏதாவது விழுகிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் இன்னொருத்தரைக் கூப்பிட வேண்டியதில்லை. அவருக்கு அதுதான் கணக்கு.

இதுக்கெல்லாம்தான் இப்ப அலெக்ஸா இருக்கே?

விளக்குக்கு இருக்கிறது, கதவுப் பூட்டுக்கும் இருக்கிறது. நண்பர் வீட்டிலும் இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துகிறார். விழுந்த கரண்டியை அது எடுத்துத் தருமா? கழன்று போன காலணியை? இரண்டும் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. வெளியே போகும்போது முன்பெல்லாம் ஆட்கள் சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள், அல்லது பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் "சாருக்கு என்ன வேணும்" என்று கேட்பார்கள். இப்போது நாயைப் பற்றி அவரிடமே பேச்சுக் கொடுக்கிறார்கள். சில நாள் அது தொல்லையாகவும் ஆகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

சரி, கதவைத் திறன்னு சொன்னா நாய்க்கு எப்படிப் புரியுது?

கதவு என்று அதற்குப் புரிவதில்லை. கயிறு இழுக்கும் விளையாட்டு எல்லா நாய்க்கும் பிடிக்கும், இல்லையா? முதலில் கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 'டக்' (tug, இழு) என்று சொல்லி இழுக்க வைப்பார்கள், இழுத்தால் ஒரு வாய் தீனி. பிறகு அதே கயிற்றை லேசான இழுப்பறையில் கட்டுவார்கள். அப்புறம் அலமாரி, அப்புறம் ஃபிரிட்ஜ், கடைசியில் கனமான வாசல் கதவு. நாயைப் பொறுத்தவரை முதல் நாள் விளையாடிய அதே விளையாட்டுத்தான், சாமான்தான் மாறுகிறது. பொத்தான் அழுத்துவதும் அப்படியே: முதலில் உள்ளங்கையை மூக்கால் தொடும், பிறகு சுவரில் ஒட்டிய சதுரத் துண்டை, பிறகு நிஜப் பொத்தானை.

இப்படி ஏறக்குறைய நாற்பது கட்டளைகள். இதில் குட்டி வளர்ப்பவர்களான எங்கள் பங்கு அடிப்படை மட்டும்தான்: உட்கார், படு, விடு, மேசைக்கு அடியில் போ, கூட்டத்தில் சும்மா இரு. சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் ஒன்றுக்குப் போவதற்குக்கூட ஒரு கட்டளை இருக்கிறது, 'ஹரி' (hurry, சீக்கிரம்). மழையில் குடையோடு நின்று புல்லைப் பார்த்து "ஹரி, ஹரி" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி நான் பகவான் நாமம் சொல்கிறேன் என்றே நினைத்துவிட்டார்.

ஏன் எல்லாமே லேப்ரடாரா இருக்கு? நம்ம ராஜபாளையம் நாயைப் பழக்கலாமே?

லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், இரண்டின் கலப்பு, பெரும்பாலும் இவைதான். சுட்டு வீழ்த்திய பறவையைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து வேட்டைக்காரன் கையில் கொடுக்க வளர்க்கப்பட்ட இனங்கள் இவை. அதே மென்மையான வாய்தான் இன்று கண்ணாடியையும் மாத்திரை டப்பாவையும் கடிக்காமல் எடுத்துத் தருகிறது. யாரைப் பார்த்தாலும் வாலாட்டும், எதைக் கொடுத்தாலும் தின்னும். தீனிக்காக எதையும் செய்யும் நாயைப் பழக்குவது சுலபம்.

ராஜபாளையம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்கும் வந்த நாய். புது ஆளைக் கண்டால் சந்தேகப்படுவதும், ஓடும் எதையும் துரத்துவதும் அதன் ரத்தத்தில் இருக்கிறது, அதுதான் அதன் பெருமையும். மாலில் குழந்தைகள் ஓடும் நடுவே அதை அசையாமல் படுக்கச் சொல்வது அதற்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். சட்டம் எந்த இனத்தையும் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாய்தான் வேண்டும் என்றுகூட முழுதாக இல்லை, குட்டையான மினியேச்சர் குதிரைகளுக்குத் தனி விதியே இருக்கிறது.

ஒன்றரை வருஷம் வளர்த்துட்டுத் திருப்பிக் கொடுக்க எப்படித்தான் மனசு வருது உங்களுக்கு?

வருவதில்லை. அழுதுகொண்டே கொடுக்கிறோம், வேறென்ன. எட்டு வாரக் குட்டியாக வரும், ஒன்றரை வயதில் பயிற்சி மையத்துக்குப் போகும், அங்கே ஆறு மாதத்துக்கு மேல் தொழில்முறைப் பயிற்சியாளர்கள் மேலே சொன்ன வேலைகளைக் கற்றுத்தருவார்கள். அப்புறம் உரிமையாளராகப் போகிறவர் வந்து இரண்டு வாரம் தங்கி நாயோடு பழகுவார். பட்டமளிப்பு விழா மாதிரி ஒன்று நடக்கும், நாயின் கயிற்றை அதை வளர்த்தவரே அவர் கையில் கொடுப்பார். என் முதல் நாயின் கயிற்றைப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தேன், தசைச்சிதைவு நோய். கயிறு கைமாறியதும் அந்த நாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் எனக்குக் கோபம்.

எல்லா நாயும் தேறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏறக்குறையப் பாதி நாய்கள் வழியில் கழன்றுவிடும்: இடுப்பு மூட்டில் கோளாறு, சத்தத்துக்குப் பயம், அல்லது வெறும் குறும்பு. என் இரண்டாவது நாய் அணில் விஷயத்தில் ஃபெயில். சக்கர நாற்காலியில் கட்டிய நாய் அணில் பின்னால் பாய்ந்தால் நாற்காலியும் சேர்ந்து கவிழும், அதனால் இதில் தயவு தாட்சண்யம் கிடையாது. இப்போது அது ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் செல்லமாக, அணில்களைத் துரத்திக்கொண்டு, சந்தோஷமாக இருக்கிறது.

விலை எவ்வளவு ஆகும்?

ஒரு நாயை இனப்பெருக்கத்திலிருந்து பட்டம் வரை கொண்டுவரப் பல பத்தாயிரம் டாலர் செலவாகிறது. ஆனால் கேனைன் கம்பானியன்ஸ் போன்ற அமைப்புகள் வாங்குபவரிடம் நாய்க்குக் காசு கேட்பதில்லை, நன்கொடையிலும் எங்களைப் போன்ற சம்பளமில்லாத ஆட்களிலும்தான் வண்டி ஓடுகிறது. சில அமைப்புகள் நீங்களே ஒரு பகுதியைத் திரட்டித் தரச் சொல்லும். தனியார் பயிற்சியாளர்களிடம் போனால் முழு விலை.

இலவசத்துக்கு விலை காத்திருப்பு. ஒரு வருடம் சர்வசாதாரணம், அதற்கு மேலும் ஆகும். வந்த பிறகு தீனி, டாக்டர், தடுப்பூசி எல்லாம் உங்கள் பாடு. அவசரமாக இரண்டே வாரத்தில் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

எங்கம்மாவுக்கு முழங்கால் வலி, விசிட்டர் விசாவுல ஆறு மாசம் வர்றாங்க, அவங்களுக்கு ஒண்ணு கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் விசாவையோ குடியுரிமையையோ பார்ப்பதில்லை, ஏற்கெனவே உதவி நாய் வைத்திருக்கும் விருந்தாளிக்கும் அதே உரிமைதான். ஆனால் நாய் கொடுக்கும் அமைப்பு அப்படியில்லை. நேர்காணல், மருத்துவரின் கடிதம், வீட்டைப் பார்ப்பது, கொடுத்த பிறகும் வருடக்கணக்கில் தொடர்ந்து விசாரிப்பது என்று அது ஒரு நீண்ட உறவு.

அவர்கள் முதலில் பார்ப்பது நாய் உங்களைக் கவனிக்குமா என்பதை அல்ல, நீங்கள் நாயைக் கவனிப்பீர்களா என்பதை. தினமும் வெளியே கூட்டிப்போக வேண்டும், பல் தேய்த்துவிட வேண்டும், கட்டளைகளை மறக்காமல் பயிற்சி கொடுக்க வேண்டும். இதில் முடியாததை யார் செய்வார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். முழங்கால் வலிக்கு நல்ல கைத்தடியும் பிசியோதெரபியும் போதும் அம்மாவுக்கு.

சின்னக் குழந்தைக்குக் கொடுப்பாங்களா?

கொடுப்பார்கள், ஆனால் மூன்று பேர் கொண்ட அணியாக: குழந்தை, நாய், கூடவே கட்டளையிடும் பெரியவர். பெருமூளை வாதம் உள்ள ஒரு ஏழு வயதுப் பையனை எனக்குத் தெரியும். கயிறு எப்போதும் அப்பா கையில்தான் இருக்கும். பந்தை எடுத்துவர மட்டும் பையன் தானே சொல்வான். அவன் பேச்சு வெளியாட்களுக்குச் சட்டென்று விளங்காது, நாய்க்கு விளங்குகிறது. தினமும் ஒரே மாதிரி ஒரே குரலில் வரும் ஒலி என்றால் நாய்க்குப் போதும், உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை.

நாமளே வீட்டுல பழக்கிக்கக் கூடாதா?

தாராளமாக. 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி நாயை யார் பழக்கினார்கள் என்பது பொருட்டே இல்லை. உங்கள் இயலாமையோடு தொடர்புள்ள ஒரு வேலையைச் செய்ய அது பழக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சியாளர் துணையோடு தாங்களே பழக்கிய நாய்களோடு நன்றாக வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் மேலே சொன்ன 'பாதி தேறாது' கணக்கை நினைவில் வையுங்கள். தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சத்துக்கே அந்தக் கதி. இரண்டு வருடம் உழைத்த பிறகு உங்கள் நாய் அந்தத் தேறாத பாதியில் விழுந்தால், அப்போது அது வீட்டுப் பிள்ளையாகியிருக்கும், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, இன்னொன்றை வளர்க்கத் தெம்பும் இருக்காது.

சர்ட்டிஃபிகேட், ஐடி கார்டு எல்லாம் எங்க வாங்கணும்?

எங்கேயும் வாங்க வேண்டாம். அப்படி ஒரு தேசியப் பதிவேடே கிடையாது. இணையத்தில் ஐம்பது, நூறு டாலருக்கு விற்கும் கார்டுகளுக்கும் சான்றிதழ்களுக்கும் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. நாய்க்கு மேலங்கி (வெஸ்ட்) போட வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை. சில ஊர்களில் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் அடையாளப் பட்டை உண்டு, கட்டாயமில்லை.

கடைக்காரர் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டே இரண்டு, அதுவும் பார்த்ததுமே தெரியவில்லை என்றால்தான். இது இயலாமை காரணமாகத் தேவைப்படும் உதவி நாயா? என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கிறீர்கள்? உங்களுக்கு என்ன நோய், காகிதம் காட்டு, நாயைச் செய்து காட்டச் சொல் என்பதெல்லாம் கூடாது.

அப்ப எங்க வீட்டு நாய்க்கும் ஒரு வெஸ்ட் மாட்டிக் கூட்டிட்டுப் போனா யாருக்குத் தெரியப்போகுது?

சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள், ஆனால் அடிக்கடி கேட்கிறார்கள். கலிஃபோர்னியாவில் தெரிந்தே அப்படிச் சொல்வது குற்றம், ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அபராதத்தை விடுங்கள். போன வருடம் ஒரு கடையில் வெஸ்ட் மாட்டிய ஒரு செல்ல நாய் நண்பரின் நாய்மேல் பாய்ந்து காதைக் கடித்துவிட்டது. இரண்டு தையல். அதைவிட மோசம், அதன் பிறகு மூன்று மாதம் எந்தக் கடையில் வேறு நாயைக் கண்டாலும் அது உறைந்து நின்றுவிடும், விழுந்ததை எடுக்காது. மறுபடி பயிற்சியாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. "ஒரு ஜாலிக்குத்தானே" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எமோஷனல் சப்போர்ட் நாயும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. ஆறுதல் தருவது வேலை அல்ல என்பதுதான் சட்டத்தின் பார்வை. கூட இருந்தாலே மனசுக்கு இதம் என்றால் அது ஆறுதல் நாய், அதற்குக் கடைக்குள் போக உரிமை இல்லை. பதற்றம் வரப்போவதை உணர்ந்து ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்யப் பழக்கியிருந்தால் அது உதவி நாய். வாடகை வீட்டு விஷயத்தில் மட்டும் ஆறுதல் நாய்க்கும் பாதுகாப்பு உண்டு, அது வேறு சட்டம்.

நான் ரெஸ்டாரண்ட் நடத்துறேன். சாப்பிடுற இடத்துல நாயை விட்டா மத்த கஸ்டமர் என்ன நினைப்பாங்க? அலர்ஜி, பயம்னு சொல்றவங்களும் இருக்காங்களே?

விடத்தான் வேண்டும், பஃபே வரிசை உட்பட. அலர்ஜியோ பயமோ மறுக்கக் காரணமாகாது, இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள். தனிக் கட்டணம் கூடாது. ஆனால் உங்களுக்கும் உரிமை உண்டு: நாய் ஓயாமல் குரைத்தால், கட்டுக்கடங்காமல் அலைந்தால், உள்ளே அசிங்கம் செய்தால் நாயை வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். நாற்காலியில் உட்கார வைத்துத் தட்டில் ஊட்டுவதையும் நீங்கள் அனுமதிக்க வேண்டியதில்லை. நல்ல உதவி நாய் இருப்பதே தெரியாது.

எங்கள் குட்டிகள் பழகுவதே உங்களைப் போன்றவர்கள் கடையில்தான். பயிற்சியில் இருக்கும் நாய்க்கு மத்தியச் சட்டத்தில் இந்த உரிமை கிடையாது, கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் தருகிறது, அதனால் வேறு மாநிலத்தில் கேட்டுக்கொண்டு போகவேண்டும். ஒருநாள் தோசைக் கடையில் இப்போதைய குட்டி மேசைக்கு அடியில் படுத்திருந்தபோது பக்கத்து மேசைக் குழந்தை ஒரு முழு மெதுவடையைத் தவறவிட்டது. அது உருண்டு வந்து குட்டியின் மூக்குக்கு நாலு அங்குலத்தில் நின்றது. குட்டி வடையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி வடையைப் பார்த்தது. வாயிலிருந்து ஜொள்ளு நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. ஆனால் அசையவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமை என் பெண் பத்தாவது பாஸ் செய்தபோதுகூட இல்லை, அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கோயிலுக்குள்ள விடுவாங்களா?

இது கொஞ்சம் சிக்கல். மத அமைப்புகளுக்கு அந்த 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறது. கோயில், சர்ச், மசூதி எதுவானாலும் மறுத்தால் சட்டப்படி வாதாட முடியாது, நிர்வாகக் குழுவிடம் பேசிப் பார்க்கலாம். நண்பர் போகும் கோயிலில் முதலில் முடியாது என்றார்கள். பைரவருக்கு வாகனமே நாய்தானே என்று அவர் கேட்டிருக்கிறார். கடைசியில் மண்டபம் வரை சரி, கர்ப்பகிரகத்துக்கு முன்னால் வேண்டாம் என்று முடிந்தது. அர்ச்சகரே இப்போது வரும்போதெல்லாம் நாயை விசாரிக்கிறார்.

தொட்டுப் பார்க்கலாமா? ஒரு பிஸ்கட்டாவது கொடுக்கலாமா?

கேட்காமல் தொடாதீர்கள். சரிவில் இறங்கும் நேரத்தில் நாயின் கவனம் உங்கள் பக்கம் திரும்பினால் விழுவது அவர். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், அன்று அவரிடம் கேட்ட பதினைந்தாவது ஆள் நீங்களாக இருக்கலாம்.

தின்னக் கொடுப்பது கண்டிப்பாகக் கூடாது, நல்ல மனசோடு கொடுப்பதுதான் ஆபத்து. நம் சமையலில் நாய்க்கு விஷமானவை நிறைய: சாம்பார் வெங்காயம், பூண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகத் திராட்சை. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். பிறந்தநாள் வீட்டில் பாயசக் கிண்ணத்தைத் தரையில் வைத்த மாமாவிடம் நான் கத்திய கத்தலுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை.

நாங்க சுத்த சைவம். வீட்டுல வெச்சுக்க முடியுமா?

முடியும், பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அமைப்பு சொல்லும் தீனியைத்தான் போட வேண்டும், அதில் கோழி இருக்கும். எங்கள் வீட்டில் மூட்டை கராஜில், அதற்கென்று தனி டம்ளர், தனிக் கிண்ணம். என் மாமியார் முதல் மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, இரண்டாவது மாதம் "நேரமாச்சு, அதுக்குச் சாப்பாடு போட்டியா" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்கலாமா என்றால், கூடாது.

தமிழ்ல சொன்னா கேட்குமா?

எந்த மொழியிலும் கேட்கும். சிக்கல் வேறு இடத்தில்: நாய் ஆங்கிலத்தில் பழகி வருகிறது, வீட்டில் நாலு பேர் நாலு மாதிரி பேசுவோம். "உக்காரு", "உக்காருடா", "உக்காருடா கண்ணா" மூன்றும் நமக்கு ஒன்று, நாய்க்கு மூன்று. அதனால் வேலைக்கு ஆங்கிலம், கொஞ்சலுக்குத் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் நாய்க்குத் தெரிந்த ஒரே தமிழ்க் கட்டளை "போதும்".

சும்மா விளையாட வேண்டிய பிராணியை வேலை வாங்குறது பாவமில்லையா?

நியாயமான கேள்வி, எனக்கும் இதில் சில வேலைகள் பிடிக்காது. ஆள் சாய்ந்து எழுந்திருக்க நாயின் முதுகைத் தாங்கலாகப் பயன்படுத்துவது, கனமான நாற்காலியை நீண்ட தூரம் இழுக்க வைப்பது இரண்டும் மூட்டையும் முதுகையும் கெடுக்கும். பெரிய உடம்பு, எலும்பு வளர்ச்சி முடிந்த வயது, சரியான சேணம் இல்லாமல் செய்யவே கூடாது. பல அமைப்புகள் இதைச் செய்வதே இல்லை.

மற்றபடி, கயிறு இழுப்பதும் சாமான் எடுப்பதும் நாய்க்கு விளையாட்டு என்று மேலேயே சொன்னேன். பிடிக்காத நாய் செய்யாது, அதை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது, அப்படிப்பட்டவைதான் அந்தப் பாதியில் கழன்றுவிடுகின்றன. மேலங்கியைக் கழற்றியதும் நண்பரின் நாய் கொல்லைப்புறத்தில் வட்டம் வட்டமாக ஓடிப் புல்லில் முதுகைத் தேய்க்கும். நாள் முழுக்கத் தனியாக வீட்டில் பூட்டிக்கிடக்கும் செல்ல நாய்களைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

விமானத்துல ஏத்துவாங்களா? இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

அமெரிக்காவிலிருந்து கிளம்பும், அமெரிக்காவுக்கு வரும் விமானங்களில் உதவி நாய்க்குக் கட்டணமில்லாமல் கேபினில் இடம் உண்டு, உங்கள் கால் வைக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து ஆறுதல் நாய்களை ஏற்க வேண்டிய கட்டாயம் விமானங்களுக்கு இல்லை. உதவி நாய்க்கும் போக்குவரத்துத் துறையின் படிவத்தை முன்கூட்டியே கேட்பார்கள். பயணம் எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் நாய் வழியில் அசிங்கம் செய்யாது, செய்தாலும் சுகாதாரக் கேடு வராது என்று இன்னொரு படிவம்.

இந்தியாவுக்குப் போவது காகித வேலை. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், சென்னை போன்ற குறிப்பிட்ட விமான நிலையங்கள் வழியாகத்தான் இறங்க முடியும். திரும்பி வருவது அதைவிடக் கஷ்டம். வெறிநாய்க்கடி நோய் அதிகமுள்ள நாடுகள் என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து விதி இன்னும் இறுகிவிட்டது: மைக்ரோசிப் இருக்க வேண்டும், அமெரிக்காவில் தடுப்பூசி போட்டதற்கான சான்றை அரசு கால்நடைத் துறையின் ஒப்புதலோடு கிளம்பும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். அங்கே போய்விட்டு யோசித்தால் நாய் திரும்புவது பெரும்பாடு. இங்கே உள்ள சட்டத்தை ஊர் ஹோட்டல் வாசலில் நின்று பேசவும் முடியாது. தெருநாய்கள் வேறு. நண்பர் ஒவ்வொரு தடவையும் நாயை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் போகிறார், அங்கே அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டுப் பையன் என்று கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கிறது. அப்படிக் கூப்பிடுவது மூன்றாவது வாரத்தில் அலுத்துவிடும் என்பார்.

நாய்க்கு வயசாயிட்டா என்ன பண்றது?

எட்டு, பத்து வயதில் ஓய்வு. மாடிப்படியில் தயங்கும், எழுந்திருக்க நேரமாகும், அப்போதே தெரிந்துவிடும். பிறகு அதே வீட்டில் செல்ல நாயாக இருக்கலாம், இல்லையென்றால் குட்டியில் வளர்த்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அடுத்த நாய்க்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், ஏற்கெனவே ஒரு நாயோடு வாழ்ந்தவர் என்றாலும் காத்திருப்பு உண்டு, அதனால் ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

நண்பரிடம் இப்போது இருப்பது இரண்டாவது நாய். முதல் நாயும் அங்கேயேதான் இருக்கிறது, வயது பதிமூன்று, காது சரியாகக் கேட்காது. டிவி ரிமோட் விழுந்தால் சின்னது ஒரே பாய்ச்சலில் எடுத்து மடியில் வைத்துவிடும். கிழம் மூலையிலிருந்து மெல்ல எழுந்து, நடந்து வந்து, விழுந்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு, தீனிக்காக அவர் கையைப் பார்த்து நிற்கும். அவர் இரண்டுக்கும் கொடுக்கிறார்.